0.125 எப்படி 125 ஆனது: எக்ஸ்எம்எல் கோப்பில் தசம எண்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெயின்ட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் நடந்தது இது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கலவைக் குறிப்பு உண்டு: பிசின் எவ்வளவு, கரைப்பான் எவ்வளவு, நிறமி எவ்வளவு என்று எல்லாம் கிலோ கணக்கில். இந்தக் குறிப்புகளைப் பராமரிக்கும் மென்பொருளை எங்கள் குழு எழுதியிருந்தது. இரவு தோறும் அது மறுநாளுக்கான குறிப்புகளை எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு தகவலையும் பெயர்க்குறிகளுக்கு நடுவே வைக்கும் வடிவம்) கோப்புகளாக எழுதி ஒரு ஃபோல்டரில் போடும். எடைமேடையில் உள்ள இன்னொரு மென்பொருள் அவற்றைப் படித்து, பணியாளரின் திரையில் வரிசையாகக் காட்டும். அது வேறொரு குழு எழுதியது. இரண்டும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் சி ஷார்ப் நிரல்மொழியில் எழுதப்பட்டவை. பல ஆண்டுகளாகத் தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டு குழுவுக்கும் இடையே எழுத்தில் இருந்த ஒப்பந்தம் ஒரு பக்கம்தான். எந்த உறுப்பு (பெயர்க்குறிகளுக்கு நடுவே வரும் ஒரு தகவல்) எங்கே வரும், பெயர் என்ன என்று அதில் இருந்தது. எண்ணை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. எண் என்றால் எண்தானே என்று இரண்டு பக்கமும் நினைத்திருந்தோம். ஸ்கீமா (கோப்பில் எது எந்த வடிவில் வர வேண்டும் என்ற விதித்தொகுப்பு) வைத்துச் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை.

ஒரு வார இறுதியில் எங்கள் மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றினார்கள். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காலை வந்த அழைப்பு

திங்கட்கிழமை காலை 6:40க்கு எடைமேடையிலிருந்து போன். பேசியவர் அங்கே நெடுநாள் அனுபவமுள்ள பணியாளர்.

“சார், நீல நிறமி வழக்கமா ஒரு சின்னக் கிண்ணத்துல எடுப்போம். இன்னைக்குத் திரையில 125 கிலோன்னு காட்டுது. ஒரு மூட்டை 25 கிலோ. அஞ்சு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டணுமா? நான் கையை வைக்கலை, அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன்.”

அந்த நிறமி அந்தக் குறிப்பில் 0.125 கிலோ. அவர் நிறுத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் முழுதாகப் புரிந்தது. பொடிகளை முதலில் எடை போட்டு வைத்துவிட்டு, பிறகுதான் கலனைத் திறப்பது அங்கே வழக்கம். அந்த வழக்கமும் உதவியது.

முதலில் எடுத்த முடிவு: புதிய கோப்புகளைப் படிப்பதை உடனே நிறுத்துவது, அன்றைய வேலையை அச்சிட்ட குறிப்புகளை வைத்து ஓட்டுவது. காரணம் தெரியாமலே எடுத்த முடிவுதான். இன்றும் அதைத்தான் எடுப்பேன்.

தவறான தடத்தில் போன ஒன்றரை மணி நேரம்

0.125 கிலோ என்பது 125 கிராம். திரையில் இருந்ததோ 125. இதைப் பார்த்ததும் எல்லோர் மனதிலும் ஒரே எண்ணம்: கிராமும் கிலோவும் எங்கோ குழம்பிவிட்டன. புதிய சர்வரில் அலகு மாற்றும் அட்டவணை சரியாக நகலாகவில்லை என்று ஒருவர் சொன்னார். அட்டவணையைத் தேடினோம், ஒப்பிட்டோம், எந்த வித்தியாசமும் இல்லை. பெறும் பக்கத்தில் 1000 ஆல் வகுத்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. நல்ல வேளை, அதைச் செய்யவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர் தன் கணினியிலிருந்து அதே நிரலை ஓட்டிப் பார்த்தார். கோப்பில் 0.125 என்று சரியாக வந்தது. அதனால் சந்தேகம் முழுக்க எடைமேடைக் குழுவின் மேல் திரும்பியது. அவர்களோ தங்கள் பக்கம் எதுவும் மாறவில்லை என்றார்கள். அதுவும் உண்மைதான்.

முடிச்சை அவிழ்த்தது அதே பணியாளர் படித்துச் சொன்ன மற்ற வரிகள். திரையில் இருந்ததையும் அச்சிட்ட குறிப்பில் இருந்ததையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்:

பிசின்: குறிப்பில் 640, திரையில் 640.
கரைப்பான்: குறிப்பில் 212.5, திரையில் 2125.
வெள்ளை நிறமி: குறிப்பில் 85, திரையில் 85.
கெட்டியாக்கி: குறிப்பில் 3.75, திரையில் 375.
நீல நிறமி: குறிப்பில் 0.125, திரையில் 125.

அலகுக் குழப்பம் என்றால் எல்லாமே ஒரே மடங்கில் பெருகியிருக்க வேண்டும். இங்கே ஒன்று 10 மடங்கு, ஒன்று 100 மடங்கு, ஒன்று 1000 மடங்கு, இரண்டு அப்படியே இருக்கின்றன. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கமோ, மடங்கில் அத்தனை பூஜ்யம் இருக்கிறது. அதாவது புள்ளி காணாமல் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் சர்வர் எழுதிய கோப்பை நோட்பேடில் திறந்தோம். (உறுப்பின் பெயரை இங்கே தமிழில் தருகிறேன்.)

<எடை>0,125</எடை>

புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா. இந்தக் கோப்பை 6:45க்கே திறந்திருக்கலாம். பிரச்சினை இரண்டு மென்பொருளுக்கு நடுவே இருக்கும்போது, நடுவில் கிடக்கும் பொருளைத்தான் முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு ஓரங்களையும் தோண்டிக்கொண்டிருந்தோம்.

கமா எங்கிருந்து வந்தது

எங்கள் நிரலில் எடையை எழுதிய வரி, எண்ணை எழுத்தாக்கித் தரும் டூஸ்ட்ரிங்கை வெறுமனே அழைத்து, கிடைத்த சரத்தை (எழுத்துத் தொடரை) உறுப்புக்குள் வைத்தது. எதையும் குறிப்பிடாமல் அழைத்தால் டூஸ்ட்ரிங், அந்த நிரல் எந்தப் பயனர் கணக்கின் கீழ் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் பிராந்திய அமைப்பை, அதாவது எந்த நாட்டு வழக்கம் என்ற தேர்வைப் பார்த்து எண்ணை எழுதும். பழைய சர்வரில் அது ஆங்கில அமைப்பு. புதிய சர்வர் ஜெர்மன் அமைப்புடன் நிறுவப்பட்டிருந்தது. இரவு வேலைக்காகப் புதிதாக உருவாக்கிய சர்வீஸ் கணக்குக்கும் அதுவே வந்துவிட்டது. ஜெர்மன் முறையில் தசமப் பிரிப்புக்குக் கமா, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. எங்கள் ஆள் தன் சொந்தக் கணக்கில் ஓட்டியதால்தான் அவருக்குச் சரியாக வந்தது.

சர்வரை நிறுவியவர் மேல் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தசமக் குறி புள்ளியாகவும் இருக்கலாம், கமாவாகவும் இருக்கலாம் என்று எடை, அளவுகளுக்கான உலகப் பொது மாநாடே 2003இல் தீர்மானம் போட்டிருக்கிறது. மனிதர்கள் படிக்கும் தாளில் இரண்டுமே சரி.

எக்ஸ்எம்எல் கோப்பில் அப்படி இல்லை. எக்ஸ்எம்எல்லைப் பொறுத்தவரை உள்ளே இருப்பதெல்லாம் வெறும் எழுத்து. எது எண், எது பெயர் என்று அதற்குத் தெரியாது. அந்த அர்த்தத்தைத் தருவது எக்ஸ்எம்எல் ஸ்கீமா. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001இல் வெளியிட்ட அந்த வரையறையில் டெசிமல் வகைக்கான எழுத்துமுறை மிகக் கறாரானது: முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்கலாம், 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள், நடுவே வேண்டுமானால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். கமாவுக்கு இடமில்லை. ஆயிரத்தைப் பிரிக்கும் குறிக்கும், பத்தின் அடுக்கைக் காட்டும் ஆங்கில ஈ எழுத்துக்கும், நாணயக் குறிக்கும் இடமில்லை. எந்த நாட்டில் எழுதினாலும், எந்த நாட்டில் படித்தாலும் இதே விதி.

பெறும் பக்கம் ஏன் கத்தவில்லை

எனக்கு இன்றும் அதிகம் உறுத்துவது இந்தப் பகுதிதான். நாங்கள் தவறாக எழுதினோம், சரி. 0,125 என்று வந்ததைப் படித்த மென்பொருள் ஏன் “இது எண்ணே இல்லை” என்று நிற்கவில்லை?

எடைமேடைக் குழுவினர் படிக்கும்போது ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’ என்ற, எந்த நாட்டையும் சாராத பொது அமைப்பைச் சரியாகவே குறிப்பிட்டிருந்தார்கள். புள்ளிதான் தசமக் குறி என்று அதற்குத் தெரியும். ஆனால் எழுத்தை எண்ணாக்க அவர்கள் பயன்படுத்திய டெசிமல் பார்ஸ் என்ற செயற்கூறு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஆயிரத்தைப் பிரிக்கும் கமாவையும் ஏற்றுக்கொள்ளும். அதோடு, கமா சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. 1,250 என்றாலும் சரி, 12,5 என்றாலும் சரி, கமாவைத் தூக்கி எறிந்துவிட்டு மீதி இலக்கங்களைச் சேர்த்துவிடும். 12,5 என்பது 125 ஆகும். 0,75 என்பது 75 ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது, லாகிலும் (நிரலின் நிகழ்வுப் பதிவிலும்) ஒரு வரி இருக்காது.

இந்த இளக்கம் இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் படாததற்கும் நாங்களே காரணம். கலவையின் மொத்த எடையை மட்டும் ஆயிரக் கமாவோடு 1,250.500 என்ற வடிவில் எழுதிவந்தோம், பார்க்க அழகாக இருக்கும் என்று. அதைப் பெறும் பக்கம் சிக்கலின்றிப் படித்ததால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றியது.

அன்று தவறிப்போன ஒன்று

நீல நிறமி நின்றது. ஆனால் அதற்கு முன் அதிகாலை ஷிஃப்டில் ஒரு சிறிய கலவை முடிந்திருந்தது. அதில் நுரை அடக்கி 1.5 கிலோ போட வேண்டும். திரையில் வந்தது 15. அந்தப் பொருள் சில கலவைகளில் உண்மையிலேயே 15 கிலோ வரை போகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தரப் பரிசோதனையில் படலம் சரியாகப் படியாமல் குழிகுழியாக வந்ததால் அந்தக் கலவையை முழுதாகக் கழித்தார்கள். ஆயிரம் மடங்கு தவறு உடனே பிடிபட்டது. பத்து மடங்கு தவறு கலனுக்குள் போய்விட்டது.

அவசரத் திருத்தம், அதன் விளைவு

திங்கள் மாலைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அழுத்தம். எண்ணைச் சரமாக்கிய பின் கமாவைப் புள்ளியாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தோம். நானும் சரி என்றுதான் சொன்னேன். எடைகள் எல்லாம் சரியாக வந்தன.

அந்த மாற்றம் ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. ஆயிரம் கிலோவைத் தாண்டிய ஒரு கலவையின் மொத்தம் ஜெர்மன் அமைப்பில் 1.250,500 என்று உருவாகி, கமா புள்ளியானதும் 1.250.500 ஆகிவிட்டது. இரண்டு புள்ளி உள்ளதை எண்ணாகப் படிக்க முடியாமல் எடைமேடை கோப்பையே நிராகரித்தது. இது சத்தம் போட்ட தவறு என்பதால் சேதம் எதுவும் இல்லை. ஆனால் எழுதிய பிறகு ஒட்டுப்போடுவது வேலைக்கு ஆகாது, எழுதும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது. சர்வரின் பிராந்திய அமைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையையும் இதே காரணத்துக்காக ஒதுக்கினோம். அடுத்த சர்வர் மாற்றத்தில் அதே கதை திரும்பும்.

எழுதும் பக்கத்தில் செய்தது

எக்ஸ்எம்எல்லுக்குப் போகும் எந்த எண்ணையும் நாமே சரமாக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்கன்வர்ட் என்ற வகுப்பு இதற்காகவே இருக்கிறது; எந்தப் பிராந்திய அமைப்பில் ஓடினாலும் ஸ்கீமா கேட்கும் வடிவத்தில்தான் எழுதும். எக்ஸ்எம்எல் உறுப்பை உருவாக்கும் எக்ஸ்எலிமென்ட்டுக்குள் எண்ணை எண்ணாகவே கொடுத்தாலும் அதுவே இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளும். நாங்கள் பல இடங்களில் முந்திக்கொண்டு டூஸ்ட்ரிங் போட்டுக் கொடுத்ததுதான் வினை. டாலர் குறி போட்டு எழுதும் சரங்களுக்குள் எண்ணைச் செருகிய இடங்களும் இதே வகைதான்; அவையும் நடப்பு அமைப்பைத்தான் பார்க்கும். அப்படி 11 இடங்கள் கிடைத்தன.

மொத்த எடையிலிருந்த ஆயிரக் கமாவை எடுத்தோம். அழகு திரையில் இருந்தால் போதும்.

அடுத்து ஸ்கீமா எழுதி, எடைக்கு டெசிமல் வகை என்று குறித்து, பழைய குறிப்புகள் அனைத்தையும் புதிய நிரலால் எழுதிச் சரிபார்த்தோம். எதிர்பாராத ஒன்று சிக்கியது. ஒரு வினையூக்கியின் அளவு 0.00005 கிலோ. கோப்பில் அது 5, அடுத்து ஈ எழுத்து, அடுத்து -05 என்று அடுக்கு வடிவில் இருந்தது. அந்த ஒரு புலம் மட்டும் நிரலில் டபிள் என்ற இரும எண் வகையில் இருந்ததே காரணம். மிகச் சிறிய எண்களை டபிள் இப்படித்தான் எழுதும். ஸ்கீமாவின் டபிள் வகை அதை ஏற்கும், டெசிமல் வகை ஏற்காது. எக்ஸ்எம்எல்கன்வர்ட்டின் மேல் தவறு இல்லை. கொடுத்த வகைக்கு ஏற்ப அது சரியாகவே எழுதியது.

இங்கே இரண்டு வழி இருந்தது. ஸ்கீமாவைத் தளர்த்தி டபிள் என்று எழுதுவது எளிது. நாங்கள் புலத்தை டெசிமல் வகைக்கு மாற்றினோம். டபிள் எண்ணை இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) சேமிப்பதால் 0.1ஐக்கூட அதால் துல்லியமாக வைத்திருக்க முடியாது, 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். எடை போட்டுக் கூட்டிச் சரிபார்க்கும் இடத்தில் அது வேண்டாம் என்று நினைத்தோம். சி ஷார்ப்பின் டெசிமல் வகை, வடிவம் எதுவும் குறிப்பிடாவிட்டால், அடுக்கு வடிவில் எழுதுவதே இல்லை என்பது கூடுதல் வசதி.

எத்தனை தசம இலக்கம் எழுதுவது என்பதில் குழுவுக்குள் நல்ல வாக்குவாதம் நடந்தது. எல்லாவற்றையும் மூன்று இலக்கத்தில் எழுதினால் கோப்பு ஒழுங்காக இருக்கும் என்றார் ஒருவர். அப்படி எழுதினால் வினையூக்கி 0.000 ஆகிவிடும். ஆறு இலக்கம் வைத்தாலும், எழுதும்போது முழுமையாக்கினால் (மிஞ்சும் இலக்கங்களை நீக்கித் தோராயமாக்கினால்) வரிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகாத நிலை வரலாம். அதோடு டாட்நெட்டில் கணக்குக்கான முழுமையாக்கல் ஒன்றும் வடிவமைப்பில் நடப்பது ஒன்றுமாக இருக்கிறது: மேத் ரவுண்ட் சரிபாதியை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும், டெசிமலை இத்தனை இலக்கம் என்று சொல்லிச் சரமாக்கினால் சரிபாதி மேலே போகும். 0.125ஐ இரண்டு இலக்கமாக்கினால் முதலாவது 0.12 தரும், இரண்டாவது 0.13 தரும். ஆகவே சேமித்திருப்பதை அப்படியே எழுதுவது, முழுமையாக்கல் எதையும் கோப்பு எழுதும் இடத்தில் செய்வதில்லை என்று முடித்தோம். கடைசிப் பூஜ்யங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை, 0.75உம் 0.750உம் ஸ்கீமாவுக்கு ஒரே மதிப்புதான்.

படிக்கும் பக்கத்தில் செய்தது

எடைமேடைக் குழு தங்கள் பக்கத்தில் டெசிமல் பார்ஸை எடுத்துவிட்டு எக்ஸ்எம்எல்கன்வர்ட்டின் டூடெசிமலைப் போட்டார்கள். அது குறியையும் ஒரு புள்ளியையும் மட்டுமே அனுமதிக்கும். கமாவைக் கண்டால் பிழை எறியும். கோப்பு வந்ததும் முதல் வேலையாக ஸ்கீமா சரிபார்ப்பு. தேறாத கோப்பு தனி ஃபோல்டருக்குப் போகும், திரையில் அந்தக் கலவை வரவே வராது, பொறுப்பானவருக்கு மின்னஞ்சல் போகும். வரிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையும் சேர்ந்தது. திங்கட்கிழமை அது இருந்திருந்தால் நுரை அடக்கி தப்பியிருக்காது: திரையில் 15 வந்த கலவையில் வரிகளின் கூடுதலும் மொத்தமும் வெவ்வேறு இடத்தில் நின்றிருக்கும்.

அதே கோப்பைப் படித்து லேபிளுக்கு வேறொரு கோப்பு எழுதும் ஜாவா நிரல் ஒன்றும் உண்டு. அதையும் திறந்து பார்த்தோம். ஸ்ட்ரிங் ஃபார்மட் அங்கேயும் இயல்பு லொக்கேலைத்தான் (பிராந்திய அமைப்புக்கு ஜாவாவின் பெயர்) பார்க்கிறது. எந்த நாட்டையும் சாராத லொக்கேல் ரூட் என்று சொல்லி எழுத வேண்டும். ஜாவாவின் தசம எண் வகையான பிக்டெசிமலின் டூஸ்ட்ரிங் சில மதிப்புகளை அடுக்கு வடிவில் தரும், டூப்ளெயின்ஸ்ட்ரிங் தராது. 100இன் கடைசிப் பூஜ்யங்களை நீக்கிவிட்டு டூஸ்ட்ரிங் அழைத்தால் 1, ஈ, +2 என்று வருவதைப் பார்த்து ஜாவா பக்கத்து நண்பரே அதிர்ந்துபோனார்.

பின்னர் நடந்தது

மாற்றங்கள் பத்து நாளில் முடிந்தன. அதன் பிறகு கலவை எதுவும் எண் வடிவத்தால் கெடவில்லை. ஒருமுறை கோப்பு நிராகரிக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய புலத்தில் எண்ணுக்குப் பின்னால் கிலோ என்ற அலகையும் ஒட்டியிருந்தார். ஐந்து நிமிடத்தில் சரியானது. திரைக்கு எதுவும் போகவில்லை.

இப்போது செய்வதாக இருந்தால்

முதல் நாளே ஸ்கீமாவை எழுதி இரண்டு குழுவும் அதில் கையெழுத்துப் போடாமல் கோப்புப் பரிமாற்றத்தைத் தொடங்க மாட்டேன். அரை நாள் வேலை அது.

சோதனையை வெவ்வேறு பிராந்திய அமைப்புகளில் ஓட்டுவேன். இப்போது ஓட்டுகிறோம். ஜெர்மன் மட்டும் போதாது. பிரெஞ்சு அமைப்பில் ஆயிரத்தைப் பிரிப்பது ஓர் இடைவெளி, அதுவும் விசைப்பலகையில் நாம் தட்டும் இடைவெளி கிடையாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், நிரலுக்கு வேறு எழுத்து. சுவிஸ் அமைப்பில் மேற்கோள் குறி மாதிரி ஒன்று வரும். ஸ்வீடிஷ் அமைப்பில் கழித்தல் குறிகூடச் சில சூழல்களில் வேறு யூனிகோட் எழுத்தாக வருகிறது. கமாவைப் புள்ளியாக்கும் எங்கள் அவசர வரி இவை எதையும் பிடித்திருக்காது.

சர்வர் மாற்றினால், புதிய சர்வீஸ் கணக்கின் கீழேயே இரவு வேலையை ஒருமுறை ஓட்டி, கிடைத்த கோப்பைப் பழைய சர்வரின் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன். நம் கணக்கில் ஓட்டிப் பார்த்தது கணக்கில் சேராது.

எடைமேடைப் பணியாளர் ஒரு கோரிக்கை வைத்தார்: அதே கலவை கடைசியாகப் போட்டபோது இருந்த எடையையும் பக்கத்தில் சிறியதாகக் காட்டுங்கள் என்று. அது இப்போது திரையில் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைக் கோப்பையும் நாங்கள் அழிக்கவில்லை. ஒரு கமாகூட மாற்றாமல் அதைச் சோதனைத் தொகுப்பில் வைத்திருக்கிறோம். எடைமேடை நிரலின் ஒவ்வொரு புதிய பதிப்பும் முதலில் அந்தக் கோப்பைப் படிக்க முயன்று, மறுத்து நின்றால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும்.